தையலுக்கு விட்ட அரை விரல்

என் அண்ணிக்கு மனிதர்களைப் பெயரால் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாது. அளவால்தான் தெரியும். தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள், தோளைப் பார்ப்பாள். "இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், பேங்க்காரர்" என்பாள். என் அண்ணனையும் அப்படித்தான் பிடித்தாள். கப்பலில் சமையல் வேலை கிடைத்து, அதற்கு வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தைக்கக் கொடுக்கப் போனவன் மூன்று தடவை அளவெடுக்கப்பட்டுத் திரும்பி வந்தான். நாலாவது தடவை அவன் தலை வாரிக்கொண்டு கிளம்பியபோது, ஒரு கோட்டுக்கு நாலு தடவை அளவெடுக்க நீ என்ன ஒட்டகமா என்று கேட்டேன். இதை அவன் அப்படியே போய் அங்கே ஒப்பித்துவிட்டான். அந்த ஒட்டகத்தை வைத்துப் பத்தொன்பது வருஷம் என்னைக் குத்திக் காட்டினாள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே அந்த வீட்டின் பின்னறையில் எனக்கு ஒரு கட்டிலும், மற்ற எல்லா அறைகளிலும் எனக்கு ஒரு கருத்தும் எப்போதும் உண்டு. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. காலை முதல் மாலை வரை பிறருடைய தப்புகளைச் சிவப்பு மையால் சுழித்துப் பழகியவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அண்ணிக்கும் வாய் குறைச்சல் இல்லை. அண்ணன் வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பான். மீதி நாலு மாதம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். "கடலே தேவலை" என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்குவான்.

தையல்கடை வீட்டின் முன்பக்கம். ஒரு வெட்டு மேஜை, இரண்டு மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மூலையில் திரை கட்டிய இடம். பள்ளிக்கூடச் சீருடைகளும் ஓட்டல்காரர்களின் கோட்டுகளும்தான் அதிகம். துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை வைத்தாளென்றால் கோடு முடிகிற வரைக்கும் கையை எடுக்கமாட்டாள். வலது கட்டைவிரலின் அடியில் கத்தரி அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பாள். சும்மா சொல்லவில்லை, பந்தயம் கட்டி நான் தோற்றிருக்கிறேன். அந்தக் கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அது போன விதத்தையும், அதில் எனக்கு இருக்கிற பங்கையும்.

ஒரு நாள் தனக்காகத் தைத்த சட்டையில் வலதுபக்க மார்பில் ஒரு சுருக்கம் விழுகிறது என்று பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடியும் சுருக்கம். மூன்றாவது முறை பிரிக்கும்போது திரைக்குள் போய் நின்று, டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தாள். வெளியே வந்தவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "தையல்ல தப்பில்ல."

ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. ஊசி மருந்து ஆறு முறை ஏறியது. முடி கொட்டியதும், சாப்பிட்டது நிற்காமல் போனதும் தெரிந்த கதைதான். கடைசியாக, மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் எரிக்க வேண்டும் என்று இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் அதைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம்.

கரண்ட் வைக்கிற அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு முழம் தடிமனான கதவு. வெளியே இரண்டு வரிசை பெஞ்சுகள். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. நோயாளியை மேஜையில் படுக்க வைத்து, அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லோரும் வெளியே ஓடி வந்துவிடுவார்கள். கதவு மூடும், மணி அடிக்கும், விளக்கு எரியும். அண்ணி முதல் நாள் வெளியே வந்ததும், "ஒண்ணுமே தெரியல. போட்டோ எடுத்த மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது என்றால் அவர்கள் ஏன் அப்படி ஓடி வரவேண்டும்?

மெஷினை இயக்குகிற பெண்ணின் விரல்களெல்லாம் ஊதா மை. கோடு போட்டுப் போட்டு ஏறிய கறை. அவளுக்கு நான் மைக்கை என்று பெயர் வைத்தேன். அவள்தான் அண்ணியின் உடம்பில் இரண்டு பெட்டிகள் வரைந்தாள். மார்பைச் சுற்றி ஒன்று. அதற்கு மேலே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இன்னொன்று. கீழ்ப் பெட்டியின் மேல்கோடும் மேல் பெட்டியின் கீழ்க்கோடும் ஒன்றே. காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே அந்தக் கோடு ஓடியது.

"தினமும் இந்தப் பெட்டி மேல மெஷினோட வெளிச்சம் விழும். வெளிச்சமும் கோடும் ஒண்ணாப் பொருந்தினாத்தான் கரண்ட் விடுவோம். அதனால கோட்டைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். அங்க தண்ணி ஊத்தாதீங்க, சோப்புப் போடாதீங்க."

"அழிஞ்சுட்டா?" என்று கேட்டேன்.

"எங்ககிட்ட வந்து சொல்லுங்க. நீங்களா பேனாவை எடுத்துடாதீங்க."

இதை அவள் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

ஆனால் முதல் நாளே பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தொண்டைக்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தவர், கோடு அழிந்துபோய் வந்து நின்றார். அவரைத் திரும்ப ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கணக்குப் போட்டு, திரும்ப வரிசையில் சேர்த்து, அவர் மேஜையில் மறுபடி படுத்தது பதினோரு நாள் கழித்து. நடுவில் விட்டதால் தொண்டைக் கழலை வளர்ந்திருக்குமோ என்று அவருடைய மனைவி பெஞ்சில் இருந்த எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி வீடு வரும் வரைக்கும் சட்டைக் காலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். எதைக் கண்டாலும் டேப்பை வைத்துப் பார்க்கிறவள், மை அழிந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பெட்டிகளை மட்டும் அளக்கவே இல்லை.

இரண்டு வாரம் ஓடியது. தோல் வெயிலில் காய்ந்தது போலச் சிவந்தது. சாப்பிடும்போது தொண்டையில் ஏதோ இடிக்கிறது என்றாள். மத்தியானம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள், கால் மிதியின் மேலேயே இருக்கும். பத்து நாள் முடிந்து வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் புழுக்கமென்றால் அப்படி ஒரு புழுக்கம். வியர்வையும் களிம்பும் சேர்ந்து அவளுக்கே அவள் நாற்றம் தாங்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. "ரெண்டு வாரமா இப்படியே கிடந்தா புழு வைக்கும், கோட்டைத் தொடாம துடைச்சு விடறேன்" என்று ஈரத் துண்டை எடுத்தேன். சோப்பும் போட்டேன். கழுத்திலிருந்து தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அண்ணி குனிந்து பார்த்தபோது, காறை எலும்புக்குக் கீழே கோடு இல்லை. விரல் அகலத்துக்கு ஓர் ஊதாத் தீற்றல் மட்டும் இருந்தது. பக்கக்கோடுகளிலும் பாதி போயிருந்தது.

இரண்டு பேருக்கும் பெரியவரின் பதினோரு நாள்தான் மனதில் ஓடியது. பிறகு அண்ணி எழுந்து கடைக்குள் போனாள். டேப், கைக்கண்ணாடி, துணிகளில் ஆர்டர் நம்பர் எழுதுகிற பேனா, மூன்றையும் எடுத்து வந்தாள். அந்தப் பேனாவின் மை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. நிறமும் ஊதா.

"நான் கண்ணாடியப் பிடிச்சுக்கறேன். நீ போடு" என்றாள்.

"அவங்க போடக்கூடாதுன்னு சொன்னாங்க அண்ணி."

"துடைக்கக்கூடாதுன்னும்தான் சொன்னாங்க."

பேனாவை வாங்கினேன். பக்கக்கோடுகளைச் சுலபமாகச் சேர்த்துவிட்டேன். நடுக்கோட்டுக்கு வந்தபோது பேனாவைத் தீற்றலின் மத்தியில் வைத்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு கோடு இல்ல. ரெண்டு."

"ஒண்ணுதான் இருந்த மாதிரி ஞாபகம்."

"எப்படி ஒண்ணு இருக்கும்? மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. ரெண்டும் சேர்ற இடத்துல தையலுக்கு விடாம யாராவது வெட்டுவாங்களா? விடலன்னா நடுவுல பிரிஞ்சு நிக்கும். அந்தப் பிரிஞ்ச இடத்துல கரண்ட் படாது. மை எவ்வளவு அகலத்துக்குக் கலைஞ்சிருக்கு பாரு, ரெண்டு கோடு இருந்திருக்கு."

"எனக்கு என்னமோ..."

"நீ புத்தகத்துல கமாவப் பாரு. வெட்டு என் வேலை."

இரண்டு கோடு போட்டேன். கீழ்ப் பெட்டியின் மேல்கோடு அரை விரல் மேலே ஏறிப்போனது. மேல் பெட்டியின் கீழ்க்கோடு அந்த அளவுக்குக் கீழே இறங்கியது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவாக ஒரு பட்டை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோடு போடறதுல நீயும் பொழச்சுக்குவே" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

திங்கட்கிழமை மைக்கை விடுப்பு. வேறொருத்தி இருந்தாள். கீழ்ப் பெட்டிக்கு வெளிச்சம் போட்டாள், கோடு வரைக்கும் அகட்டினாள், பொருந்தியது. மேல் பெட்டிக்குப் போட்டாள், அதுவும் பொருந்தியது. மணி அடித்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மைக்கை வந்தாள். அண்ணியை உள்ளே படுக்க வைத்தவள் திரும்ப வெளியே வந்து, பெஞ்சில் இருந்த என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த நடுக்கோடு யாரு போட்டது? நான் போட்ட மாதிரி இல்லையே."

இங்கேதான் நிறுத்தி, நான் யார் என்பதைச் சொல்லவேண்டும். என் இருபத்திரண்டு வருஷ வேலையில் என்னிடம் யாரும் இது உன் தப்பு என்று சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை. பெஞ்சுகளில் முப்பது பேர் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அண்ணி சட்டையில்லாமல் படுத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னால் எல்லோர் முன்னாலும் எனக்கு மூக்கு உடையும், பதினோரு நாள் தள்ளிப்போகும், அதற்குள் நோய் வளர்ந்தால் அது என் தலையில் விடியும். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மனதில் ஓடியது.

"உங்க ஆளுங்கதான் போட்டாங்க. திங்கக்கிழமை இருந்தவங்க" என்றேன். அதோடு நின்றிருந்தால் போதும். நான் நிற்கவில்லை. "உங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டு வாங்க, நோயாளியப் போட்டுக் குழப்பாதீங்க" என்று கடிந்தும் கொண்டேன்.

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கதவு மூடி மணி அடித்தது.

நாலாவது வாரம் அந்தப் பட்டை மட்டும் கறுக்க ஆரம்பித்தது. மற்ற இடமெல்லாம் சிவப்பு, அங்கே மட்டும் ஸ்கேல் வைத்துத் தீட்டினாற்போல ஒரு கறுப்பு. புதன்கிழமை சட்டை உரசிய இடத்தில் தோல் வழன்று நீர் கசிந்தது. வியாழக்கிழமை மைக்கை அதைப் பார்த்தவுடன் மெஷினைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். டாக்டர் வந்து ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். ஒன்றும் பேசாமல் கோப்பைப் புரட்டினார். அளவெடுக்கிறவர்கள் பேசாமலிருந்தால் என்ன அர்த்தம் என்று அண்ணிக்குத் தெரியும்.

"இந்த ரெண்டு கோடு எப்படி வந்துச்சு?"

"நாங்கதான் டாக்டர்" என்று அண்ணி உடனே சொல்லிவிட்டாள். "அழிஞ்சுபோச்சு. தையலுக்கு விட்டுப் போட்டோம்."

"எதுக்கு விட்டு?"

அண்ணி விளக்கினாள். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அம்மா, துணி மேல துணி ஏறினா தடிப்பாத்தான் இருக்கும். இங்க கரண்ட் மேல கரண்ட் ஏறியிருக்கு. அந்த இடத்துக்கு மட்டும் தினமும் ரெண்டு மடங்கு. எத்தனை நாளா?"

"போன திங்கள்லருந்து."

"எட்டு நாள்." அவர் கதவருகே நின்ற மைக்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். என்னைக் காட்டிக் கொடுத்தால், சந்தேகம் வந்தும் பாதிக் கேள்வியோடு அவள் திரும்பிப் போனதும் சேர்ந்தே வெளியே வரும். நாங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். மிச்சம் ஏழு நாளையும் சரியான ஒரே கோட்டில் வைத்து முடித்தார்கள். கடைசி நாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"தோல் ஆறிடும். எனக்கு அதுல கவலை இல்ல. கைக்குப் போற நரம்பெல்லாம் கத்தையா இந்த எலும்பு பக்கமாத்தான் இறங்குது. அதுக்கு எவ்வளவு போச்சுன்னு இப்பத் தெரியாது. ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். ஒண்ணும் ஆகாமலே போகலாம். விரல் மரத்துப்போனா, கூசினா, பிடி நழுவினா உடனே வரணும்."

"எந்தக் கை?" என்று அண்ணி கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"வலது."

தோல் ஆறியது. பட்டை மட்டும் பழைய பெல்ட்டைப் போலத் தடித்து நின்றது. அண்ணன் வந்தான், அழுதான், போனான். முடி வளர்ந்தது. ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்தது. கடையில் மறுபடி சீருடைத் துணி மலைபோலக் குவிந்தது. பார்க்கிறவர்களெல்லாம் பிழைத்து எழுந்துவிட்டாள் என்றார்கள். நான் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஊசியில் நூல் கோக்கும்போது வாசலில் ஏதாவது வேலை இருப்பதுபோல வந்து நிற்பேன். நூல் உள்ளே போனபிறகுதான் அச்சகத்துக்குக் கிளம்புவேன்.

"என்ன, வேவு பாக்கறியா?" என்பாள்.

"ஒட்டகம் ஊசிக்குள்ள போகுதான்னு பாக்கறேன்" என்பேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

இரண்டாவது வருஷம் பாதி தாண்டியது. கண்ணாடி போடாமல் நூல் கோத்தவள் கண்ணாடி வாங்கினாள். வயசாகிறது என்றாள், நம்பினேன். சின்னக் குண்டூசிகளை விட்டுப் பெரிய தலை வைத்த குண்டூசிகளுக்கு மாறினாள். மலிவாகக் கிடைத்தது என்றாள், அதையும் நம்பினேன். ஒரு நாள் கட்டைவிரலில் காசளவு கொப்புளம். இஸ்திரிப் பெட்டி சுட்டிருக்கிறது.

"எப்ப சுட்டுச்சு?"

"தெரியல" என்றாள்.

சுட்டது தெரியவில்லை என்கிறாளே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயம். ஒரு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பன்னிரண்டு சட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அத்தனையிலும் வெட்டு கோணல். அண்ணி அவற்றை மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுச் சொன்னாள்: "நாலு மாசமா கத்தரி என் கையில நிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். நோய் திரும்பி நரம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஒரு வாரம் ஆயிற்று. ஏறவில்லை. அண்ணனிடம் போனில் சொன்னபோது, "திரும்பலயா? நிஜமாவே திரும்பலயா?" என்று அங்கே விம்மினான். நல்ல சேதி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணி டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து வலது கையை மேஜைமேல் வைத்தாள், வேறு யாருடைய பொருளையோ கொண்டுவந்து வைப்பதுபோல.

"கதிர் பட்ட சதை வருஷக்கணக்குல மெல்ல மெல்ல இறுகும்மா" என்றார் டாக்டர். "நடுவுல போற நரம்பையும் சேத்து இறுக்கிடும்."

"பிரிச்சு விட முடியாதா?"

"முடியாது. வலிக்கு மருந்து தரலாம், பயிற்சி குடுக்கலாம். போனது திரும்பாது."

"எது வரைக்கும் போகும்?"

"அதை என்னால சொல்ல முடியல."

"அந்த எட்டு நாளாலதானா?"

டாக்டர் நேர்மையான மனிதர். "கோடு சரியா இருந்தவங்கள்லயும் ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி வந்திருக்கு. உங்களுக்கு எதனாலன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த எட்டு நாள் உங்களுக்கு நல்லது பண்ணல. ரெண்டு நாள்லயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் இதைச் சொல்லும்போது என் நாற்காலி இருந்த திசையைக்கூடப் பார்க்கவில்லை.

ஆறு மாதத்தில் மணிக்கட்டுக்குக் கீழே கை முழுக்கத் தொங்கிவிட்டது. முழங்கையை மடக்க முடியும், விரல்கள் மடங்காது. இரவும் பகலும் எறும்பு கடிப்பதுபோல ஒரு வலி. கடையை மூடினோம், மெஷின்களுக்கு உறை போட்டோம். காலையில் அச்சகத்துக்குப் போகுமுன் அவளுக்குத் தலை வாரி, சட்டை மாட்டி, பட்டன் போட்டுவிட்டுப் போவது என் வேலையாயிற்று. ஆறு பட்டன். போடும்போது அவள் தாடையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கிண்டல் செய்வாள். "காலர் நிமிரல பாரு. உன் கையில ஒரு பட்டன் ஒழுங்கா நிக்குதா?" என்பாள். எல்லாம் போன வீட்டில் அந்த ஐந்து நிமிஷம் நன்றாக இருந்தது. அவளைத் தொட்டு ஏதோ செய்ய முடிகிறதே என்று இருந்தது. ஈடுகட்டுகிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரித் தலைமைக்கு ஒரு கடுதாசி எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது. தப்பில்லாம எழுது."

எழுதினேன். கோட்டைத் தவறாகப் போட்டது நாங்கள்தான் என்று முதலிலேயே சொல்லச் சொன்னாள். அதில் அவள் எதையும் மறைக்கவில்லை. நான் ஒரு தையல்காரி, எனக்குத் தெரிந்த வழியில் போட்டேன் என்றாள். "ஆனால் படித்து, பயிற்சி எடுத்து, தினமும் அந்தக் கோட்டின்மேல் வெளிச்சம் போட்டுப் பார்த்த பெண்" என்று மைக்கையைப் பற்றி ஆரம்பித்தாள். அவள் பெயரை எழுதச் சொன்னாள், எழுதினேன். வேலையில் சேர்ந்த வருஷம்கூட விசாரித்து வைத்திருந்தாள். இன்னொருத்திக்கு இப்படி ஆகக்கூடாது, அந்தப் பெண்ணை அந்த மெஷின் பக்கத்திலேயே விடக்கூடாது என்றாள்.

"அடுத்தது எழுது. எட்டு நாளில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை."

எட்டு நாளில் என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன, எழுத்து மறந்துபோச்சா?"

"அண்ணி, அந்தப் பொண்ணு கேட்டா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமை. நீங்க உள்ள படுத்திருந்தீங்க. வெளிய வந்து என்னைக் கேட்டா, இந்தக் கோடு யாரு போட்டதுன்னு. உங்க ஆளுங்கதான் போட்டாங்கன்னு நான் அவ மேலயே பாய்ஞ்சேன்."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், பயத்தில் சொன்னேன் என்றேன், பெரியவரின் பதினோரு நாளைச் சொன்னேன். அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும், துணியைப் பார்த்ததும் எத்தனை சட்டை தேறும் என்று போடுகிற கணக்கு முகம்.

"அப்ப ரெண்டு நாளோட நின்னிருக்கும்" என்றாள். "மிச்சம் ஆறு."

"ஆமா."

"பேப்பரைக் கிழிச்சுப் போடு. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் வேண்டாம்." கிழித்தேன். "உங்கண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத. அவனுக்கு ஒரே தங்கச்சி நீ." சரி என்றேன். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். எங்களுக்குள் சண்டை புதிதில்லை.

மறுநாள் காலை சீப்பை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அண்ணி, சட்டை மாட்டி விடறேன்."

"நான் போட்டுக்கறேன். நீ வேலைக்குப் போ."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். மருந்து வாங்கிவரச் சொல்கிறாள். பட்டன் போட மட்டும் விடுவதில்லை. பட்டன் இல்லாத சட்டையாக நாலு வாங்கிக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தேன். மடிப்புக் கலையாமல் என் கட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டன.

கதவுக்கு வெளியே நான் நிற்பது அவளுக்குத் தெரியும். உள்ளே துணி உரசுகிற சத்தம் கேட்கும். இடது கை மட்டும் வேலை செய்கிற சத்தம். நடுநடுவே மூச்சு வாங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். ஆறு பட்டனுக்கு நேற்று ஐம்பது நிமிஷம் ஆயிற்று.